மூணு மணிக்கு விழித்துக்கொள்கிறவர்களின் கேள்விகள்

அக்குபங்சர், சீன மருத்துவம் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். முட்டிவலியும் முதுகுவலியும்தான் வந்து குவியும் என்று நினைத்திருந்தேன். வந்ததெல்லாம் தூக்கம், தூக்கம், தூக்கம். அதனால் இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடலாம். குவாங்ஜோவில் சீன மருத்துவம் படித்து சிங்கப்பூரில் ஊசி போடுகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் தொழில் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஊசிதான் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 48 வயது. எட்டு மாதமாக ராத்திரி ரெண்டரை, மூணு மணிக்கு டக்கென்று விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு திடீரென்று கொதிக்கிறது, கழுத்தெல்லாம் வேர்வை, அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறேன். கூட வேலை செய்யும் சீனத் தோழி, அவர் வழக்கமாகப் போகும் சீன மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், ரெண்டு கையிலும் நாடி பார்த்தார், "கிட்னி வீக்" என்றார். பயந்துபோய் பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்தேன், கிட்னி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். யார் சொல்வது உண்மை? மூணு மணிக்கு விழித்தால் ஈரல் கெட்டுவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது.
(வாசகி, வுட்லண்ட்ஸ்)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் கிட்னிக்கு ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனை சொன்னதுதான் உண்மை. சீன மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை, அவர் வேறொன்றைச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் "கிட்னி" என்று சொன்னதில்தான் குழப்பம். சீன மருத்துவத்தில் "ஷென்" என்ற உறுப்புக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் அது சிறுநீர் பிரிக்கிற இடம் மட்டும் இல்லை. உடம்பின் குளிர்ச்சி, வளர்ச்சி, பிள்ளைப்பேறு, முதுமை எல்லாம் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதேபோல அவர்கள் "சின்" என்கிற இதயமும் ரத்தம் இறைக்கிற பம்பு மட்டும் இல்லை, மனமும் அங்கேதான் குடியிருக்கிறது. தமிழர்களுக்கு இது புரிவது சுலபம், நாமும் "நெஞ்சு" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் சொல்கிறவர்கள்தானே. மேலே நெஞ்சில் நெருப்பு, கீழே ஷென்னில் தண்ணீர். தண்ணீர் மேலேறி நெருப்பைத் தணிக்கவேண்டும், நெருப்பு கீழிறங்கித் தண்ணீரை வெதுவெதுப்பாக்க வேண்டும். இந்தப் போக்குவரத்து நின்றுபோனால் மேலே சூடு, படபடப்பு, வேர்வை, விழிப்பு.

பெண்களின் வயதை ஏழேழு ஆண்டாகக் கணக்கிடுகிறது ஹுவாங்டி நெய்ஜிங் என்ற பழைய மருத்துவ நூல். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அதற்கு. 14-இல் பூப்பு, 49-இல் மாதவிலக்கு நிற்கும் என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு 48. இப்போது புரிகிறதா அவர் என்ன சொன்னார் என்று? மகளிர் மருத்துவர் "மெனோபாஸ் நெருங்குகிறது" என்று சொல்லப்போவதை அவர் தன் மொழியில் சொல்லியிருக்கிறார்.

ஈரல் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளைப் பன்னிரண்டு இரண்டு மணி நேரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு உறுப்பின் பாதைக்கு (உடம்புக்குள் சக்தி ஓடுவதாக நாங்கள் கருதும் வழி) கொடுப்பது சீன மருத்துவத்தில் உண்டு, அதில் ராத்திரி 1 முதல் 3 வரை ஈரலின் நேரம். அது நாங்கள் சிகிச்சையை யோசிக்க வைத்திருக்கிற வரைபடம், லேப் ரிப்போர்ட் இல்லை. மூணு மணிக்கு விழிப்பதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது: ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும், பின்னிரவில் தூக்கம் லேசானது, கனவு அதிகம். அந்த நேரத்தில் உடம்புச் சூடோ, கவலையோ, மாலையில் குடித்த பீரோ லேசாகத் தட்டினாலும் விழித்துக்கொள்வோம். அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், ஏற்கனவே தூங்காமல் கிடக்கிறவர்களுக்கு அது கூடுதல் பயம்.

சிகிச்சைக்குப் போனால் என்ன நடக்கும்? நல்ல மருத்துவராக இருந்தால் ஊசியை எடுப்பதற்கு முன்னால் நிறையக் கேட்பார். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. படுத்ததும் வரவில்லையா, வந்து கலைகிறதா? கனவு உண்டா, பயந்து எழுகிறீர்களா? உள்ளங்கை உள்ளங்கால் எரிகிறதா? கோபம் அதிகமா? ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வயிறு எப்படி? (வயிறு சமாதானமாக இல்லாவிட்டால் படுக்கையும் சமாதானமாக இருக்காது என்று அதே நெய்ஜிங்கில் ஒரு வரி உண்டு. பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.) யோசித்து யோசித்துச் சாப்பாடும் இறங்காமல் கோழித்தூக்கம் தூங்குகிறவருக்கும், முகம் சிவந்து எரிச்சலோடு புரண்டுகொண்டிருக்கிறவருக்கும், உங்களுக்கும் மூன்று வேறு சிகிச்சை. இதற்கெல்லாம் ஒரே பெயர் வைத்து ஒரே மாத்திரை கொடுக்காததுதான் இந்த மருத்துவத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

உங்கள் வகைக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இருக்கிற ஷென்மென், உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி சான்யின்ஜியாவ், கணுக்காலுக்குக் கீழே ஜாவ்ஹாய், காதுக்குப் பின்னால் ஆன்மியன் என்று போவோம். ஷென்மென் என்றால் மனத்தின் வாசல் (இந்த ஷென் மனத்தைக் குறிக்கும் வேறு சொல், கிட்னிக்குச் சொன்ன ஷென் இல்லை), ஆன்மியன் என்றால் நிம்மதியான தூக்கம். ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ரத்தம் எடுக்கிற ஊசியை மனதில் வைத்துப் பயப்படவேண்டாம். குத்தும்போது எறும்பு கடித்தாற்போல, பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு மரமரப்பு வரும், அது வரவேண்டும். அரைமணி நேரம் படுத்திருக்க வேண்டும், பாதிப் பேர் அங்கேயே தூங்கிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நாலு வாரம் பாருங்கள். பத்து தடவை போயும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் "இன்னும் பத்து பேக்கேஜ்" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. மகளிர் மருத்துவரையும் ஒருதடவை பாருங்கள், உடம்புக் கொதிப்புக்கு அவர்களிடமும் நல்ல வைத்தியம் இருக்கிறது. தைராய்டும் பார்த்துவிடுங்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே சூடு, இதே வேர்வை, இதே விழிப்பு வரும். நாடி பிடித்து அதைக் கண்டுபிடிக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன். ஊசி குத்தினால் தூக்கம் வரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை நம்பினால் வரும் என்கிற கதைதானா?
(வாசகர், கிள்ளான்)

பதில்: நேரடியாகவே சொல்கிறேன். ஆதாரம் இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் குழு 33 ஆய்வுகளை, மொத்தம் 2293 பேரை, அலசிப் பார்த்துவிட்டு, பெரும்பாலான ஆய்வுகள் தரமாகச் செய்யப்படவில்லை, இதை வைத்து உண்டு என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல முடியாது என்றது. எங்கள் துறைக்கு அது ஒரு குட்டு, வாங்கவேண்டிய குட்டுதான். அதற்குப் பிறகு வந்தவை கொஞ்சம் மேல். 2017-இல் ஷாங்காயில் 72 பேரை வைத்து ஒன்று செய்தார்கள்: பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, மீதிப் பேருக்குத் தோலைத் தொட்டுவிட்டு உள்ளே போகாமல் நிற்கிற பொய் ஊசி. வாரம் மூன்று தடவை, நாலு வாரம். உண்மை ஊசி வாங்கியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் உங்கள் "நம்பிக்கை" கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு.

2019-இல் அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரிடம் செய்ததை நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் போட்டி கடுமையானது. ஒரு பக்கம் அக்குபங்சர், இன்னொரு பக்கம் சிபிடி-ஐ என்கிற பேச்சு சிகிச்சை. தூக்கம் பற்றிய பழக்கத்தையும் பயத்தையும் மாற்றுகிற பயிற்சி அது: தூக்கம் கண்ணைச் சுற்றினால் மட்டும் படுக்கைக்குப் போவது, வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடுவது, ராத்திரி எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, இப்படி. எட்டு வாரம் கழித்து இரண்டு பக்கமும் தேறியிருந்தார்கள். தூக்கமின்மையை 28 வரை அளக்கிற அளவுகோலில் சிபிடி-ஐ 10.9 புள்ளி குறைத்தது, அக்குபங்சர் 8.3. ஆக ஊசி தோற்றது, ஆனால் கௌரவமாகத் தோற்றது. உடம்பு வலி குறைந்ததில் சிகிச்சை முடிந்த நேரத்தில் ஊசிதான் முந்தியது.

அதனால் நீங்கள் என் சொந்தத் தம்பியாக இருந்தால் என்ன சொல்வேன்? முதலில் சிபிடி-ஐ. அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2016-லேயே மாத்திரைக்கும் முன்னால் அதைத்தான் வைத்தது. அது கிடைக்கவில்லை, அல்லது செய்து பார்த்து முடியவில்லை, அல்லது தூக்கத்தோடு வலியும் சேர்ந்திருக்கிறது என்றால் ஊசி. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், ஒன்றோடு ஒன்று சண்டை போடாது.

கேள்வி: அம்மா, எனக்கு 56 வயது. நாலு வருடமாகத் தினமும் ராத்திரி அல்பிரசோலம் போட்டால்தான் தூக்கம். ஒரு அக்குபங்சர் வைத்தியரிடம் போனேன். ஊசி கிடையாது, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார், "இன்றோடு எல்லா மாத்திரையையும் குப்பையில் போடு, அதுதான் உன் நோய்" என்றார். போட்டுவிட்டேன். மூன்றாவது நாளாகக் கண்ணே மூடவில்லை, கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்கிறார். பொறுக்கவேண்டுமா?
(வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம் ஐயா. இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்கு அலுவலகத்திலிருந்து பதில் அனுப்பச் சொன்னேன், மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். நடுக்கம், படபடப்பு, பொட்டுத் தூக்கமில்லாமை எல்லாம் கழிவு வெளியேறுவது இல்லை. நாலு வருடம் பழகிய மருந்தை ஒரே நாளில் பறித்துவிட்டதால் நரம்பு மண்டலம் தவிக்கிறது. இந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே, இன்றைக்கே, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள், அவர் ஊரில் இல்லை என்றால் பக்கத்து மருத்துவமனைக்கு. நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

மாத்திரையிலிருந்து விடுபடவேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது: டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் குறைத்துக்கொண்டே வருவது. அந்தக் காலத்தில் ஊசி சிகிச்சையும் துணைக்கு இருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். என்னிடம் மாத்திரையோடு வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், மாத்திரையைக் குறைப்பது உங்கள் டாக்டர் வேலை, நான் தொடமாட்டேன் என்று.

உங்களைத் தொட்டவரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். நான் படித்த மருத்துவத்தில் ஊசியும் மூலிகையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கும், ஆங்கில மருந்து வார்டும் அதே வளாகத்தில் இருக்கும். சீனாவின் பெரிய பாரம்பரிய மருத்துவமனைகளில் ஸ்கேனும் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. மற்ற எல்லா மருந்தையும் தூக்கிப் போடு என்பது அங்கே யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இல்லை. தூக்க மாத்திரையோ, சர்க்கரை மாத்திரையோ, வலிப்பு மாத்திரையோ, நிறுத்தச் சொல்கிறவர் எந்தப் பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஊசிக்குப் பயம். சீன மூலிகை மட்டும் சாப்பிடலாமா? ஆன்லைனில் "இயற்கைத் தூக்க மாத்திரை" என்று சீன எழுத்தில் அட்டை போட்டு விற்கிறார்கள்.
(வாசகி, பினாங்கு)

பதில்: மூலிகை சாப்பிடலாம், அந்த அட்டையை வாங்கவேண்டாம். ஏன் என்று ஒரு கதை.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் "ஜின் பு ஹுவான்" என்று ஒரு மாத்திரை விற்றது, வலிக்கும் தூக்கத்துக்கும் பாதுகாப்பான மூலிகை என்று. 1993-இல் கொலராடோவில் மூன்று குழந்தைகள் அதை எடுத்து விழுங்கி, மூச்சும் இதயத்துடிப்பும் தளர்ந்து ஆபத்தான நிலைக்குப் போனார்கள். தூக்கத்துக்காக வாரக்கணக்கில் சாப்பிட்ட பெரியவர்களுக்கு ஈரல் வீங்கியது. ஆராய்ந்து பார்த்தால் அட்டையில் எழுதியிருந்த செடியே உள்ளே இல்லை. வேறு செடிகளில் இருக்கிற டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துச் செறிவாக அடைத்திருந்தார்கள். இயற்கை என்ற சொல் உங்கள் ஈரலைக் காப்பாற்றாது. பழைய சூத்திரங்கள் சிலவற்றில் மனத்தை அமைதிப்படுத்த ஜூஷா சேர்ப்பார்கள், நம்ம சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்போமே, அதுதான், பாதரசம் கலந்தது. யாரோ தெரியாத கடையிலிருந்து வருகிற மாத்திரையில் அது இருக்கிறதா என்று உங்களால் பார்க்க முடியாது.

சரி, முறையாக எழுதிக்கொடுத்தால் என்ன கொடுப்பார்கள்? தூக்கத்துக்கு மிகப் பழைய சீட்டு நெய்ஜிங்கிலேயே இருக்கிறது, இரண்டே சரக்கு: பான்ஷியா என்ற கிழங்கும் பசையுள்ள ஒரு சிறுதானியமும். குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பதற்குள் தூக்கம் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்த நோயில்தான் அப்படி என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பான்ஷியா நம்ம சேனை, கருணைக் குடும்பம். பச்சையாகத் தின்றால் தொண்டை அரித்து வீங்கும், நாம் புளி விட்டு வேகவைக்கிற மாதிரி அவர்கள் இஞ்சியோடு சேர்த்துப் பக்குவம் செய்வார்கள். அதைச் செய்யத் தெரிந்த கடையிலிருந்து வரவேண்டும்.

இன்றைக்கு அதிகம் எழுதப்படுவது சுவான் ஸாவ் ரென் கஷாயம். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்கின் சீட்டு அது, உடம்பு சோர்ந்து மனம் மட்டும் அலைந்து தூங்க முடியாதவர்களுக்கு என்று குறிப்பிட்டே எழுதினார். சுவான் ஸாவ் என்பது புளிப்பு இலந்தை, அதன் கொட்டைக்குள் இருக்கிற பருப்புதான் மருந்து. (கடையில் ரெட் டேட்ஸ் என்று வாங்குகிறோமே, அதுவும் பேரீச்சை இல்லை, இலந்தைதான்.) நம்மூர் இலந்தைக் கொட்டையை உடைத்துக் காய்ச்சிப் பார்க்காதீர்கள், இனம் வேறு. அதோடு நாலு சரக்கு சேரும், அதில் ஒன்று அதிமதுரம். அதிமதுரம் பாவம் போல இனிக்கும், ஆனால் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அதை முதலிலேயே சொல்லுங்கள். தூக்கத்துக்கான வேறு சீட்டுகளில் தாங்குய், தான்ஷென் என்ற மூலிகைகள் வரும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அவை ரத்தத்தை மேலும் நீர்க்கவைத்துவிடும்.

உங்கள் நாட்டில் 2016-இல் பாரம்பரிய மருத்துவச் சட்டம் வந்தது, சிங்கப்பூரில் 2000-லேயே சீன மருத்துவர்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே புள்ளிகளை அழுத்திக்கொள்ளலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக. உள்ளங்கையை மேலே பார்த்து வையுங்கள், மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னக் குழி தட்டுப்படும், அதுதான் ஷென்மென். கட்டைவிரலால் மெதுவாக இரண்டு நிமிடம், பிறகு அடுத்த கை. அதேபோல உள்கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து மேல்நோக்கி உங்கள் நாலு விரலை அடுக்கி அளந்து, எலும்புக்குப் பின்னோரமாக சான்யின்ஜியாவ். கர்ப்பமாக இருந்தால் இந்தக் கணுக்கால் புள்ளியை விட்டுவிடுங்கள், மரபாகவே அதைத் தவிர்ப்போம். விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். இது ஊசிக்கு ஈடு என்று சொல்லமாட்டேன், ஆனால் கெடுதல் இல்லை, காசும் இல்லை.

கேள்வி: என் கணவர் இடி மாதிரிக் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சே நின்று பிறகு திணறி எழுகிறார். பகலெல்லாம் தூங்கி வழிகிறார், போன வாரம் சிக்னலில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டார். தூக்கமின்மைதான், ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். உங்களிடம் அழைத்து வரட்டுமா?
(வாசகி, ஜூரோங்)

பதில்: என்னிடம் வேண்டாம்மா. நீங்கள் சொல்வது தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற நோய் மாதிரி இருக்கிறது, அதில் ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி இதயம் அடிவாங்குகிறது. இதற்கு நான் ஊசி போட்டு அவர் "பரவாயில்லை" என்று ஆறு மாதம் கடத்தினால் அது நான் செய்யும் தவறு. தூக்க மாத்திரையும் தானாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சு இன்னும் மோசமாகலாம். பாலிகிளினிக்கில் இதையெல்லாம் சொல்லி, தூக்கப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவர் மூச்சு நிற்பதை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனை முடியும்வரை கார் சாவி உங்களிடமே இருக்கட்டும்.